செவலை கடித்த வெடி

நான் ஒரு மனிதரின் மண்டையை உடைத்திருக்கிறேன். அவர் பக்கத்து வளவுக்காரர். என்னைத் 'தங்கச்சி' என்று கூப்பிடுகிறவர். காலைச் சாப்பாட்டுக்குக் குந்தியிருந்தவரை விறகுக்கட்டையால் அடித்தேன், ஒருமுறை அல்ல, இரண்டு முறை. எங்கள் நாய்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் இந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுபோகும். அதனால் இம்முறை அதை முதலிலேயே எழுதிவிட்டேன். இனி மற்றதைச் சொல்லலாம்.

எங்கள் ஊர் படுவான்கரையில் இருக்கிறது. வாவிக்கு மேற்கே, சூரியன் படுகிற பக்கம். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்லுவோம். களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கோ அரசாங்கக் கந்தோருக்கோ போவதென்றால் அந்த ஆற்றைப் 'பாதை'யில் கடக்க வேண்டும். பாதை என்பது இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை அடித்த மிதவை. மோட்டார் சைக்கிள், நெல்மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் ஏறும். நான் அக்கரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். வார்ட் கழுவுவேன், நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோவேன், காயம் கட்டுகிற அறையில் கையையோ காலையோ அசையவிடாமல் பிடித்துக்கொள்வேன். என் கணவர் இக்கரையில் வயல் செய்கிறார். ஒரே மகள் அப்போது வந்தாறுமூலையில் விடுதியில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு குட்டிகளும் ஆஸ்பத்திரி வளவில் பிறந்தவை. தண்ணீர் பவுசர் ஒன்று பின்னுக்கு எடுக்கும்போது தாய்நாயின் மேல் ஏறிவிட்டது. அதை மண்வெட்டியால் அள்ளிப் புதைத்தது நான்தான், வேறு யாரும் கிட்ட வரவில்லை. அள்ளி முடித்துக் கை கழுவிவிட்டுத் திரும்பினால், குட்டிகள் இரண்டும் அந்த ஈர மண்ணில் தாயின் இரத்தத்தை நக்கிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்த பிறகு விட்டுவிட்டு வர முடியவில்லை. சேலைன் போத்தல் வந்த அட்டைப்பெட்டிக்குள் இரண்டையும் வைத்துக்கொண்டு பாதையில் ஏறினேன்.

"ஆஸ்பத்திரியில இப்ப சம்பளத்துக்கு நாய்க்குட்டியா குடுக்கிறாங்க?" என்று என் கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே பெட்டிக்குள் கையை விட்டு ஒன்றைத் தூக்கினார். அது அவருடைய விரலைக் கடித்துத் தொங்கியது. சிரித்துவிட்டார்.

பெட்டை செம்மண் நிறம், கடுவன் கறுப்பு. மகள் லீவில் வந்து நல்ல பெயராக வைக்கட்டும் என்று விட்டோம். அவள் வருவதற்குள் செவலை, கறுவல் என்று எங்கள் நாக்கில் ஏறிவிட்டது.

சாந்தமான நாய்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு வயதாகும்போதே ஆளுக்கொரு பக்கம் பிடித்து உடும்பை இரண்டாகக் கிழிக்கப் பழகிவிட்டன. துறையடியில் இருந்த நாய்க்கூட்டத்தோடு கறுவல் தனியாகச் சண்டைக்குப் போய் இடது காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தது. முற்றத்தில் கண்ட நாகத்தைச் செவலை கவ்விச் சுவரில் அடித்த அடியில் சுவரெல்லாம் இரத்தக் கோடு. எங்களிடம் மட்டும் அவை வேறு பிறவி. நான் வேலையால் வரும்போது பாதை நடு ஆற்றைத் தாண்டுவதற்குள் இரண்டும் துறையில் நிற்கும். என் பையைச் செவலை வாயில் வாங்கிக்கொண்டு முன்னால் நடக்கும். பைக்குள் முட்டை இருந்தாலும் உடையாது.

ஒருநாள் பக்கத்து வளவு அண்ணன் எங்கள் வேலிக் கடப்படியில் வந்து நின்றார். கையில் கழுத்துக் கிழிந்த ஆட்டுக்குட்டி. இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. அதை என் காலடியில் வைத்தார்.

"தங்கச்சி, உன்ட நாயள் செஞ்ச வேலை இது. கட்டி வளக்க ஏலாட்டி சொல்லு. ஒருநாளைக்கு நானே இதுகளுக்கு ஒரு வேலை வெப்பன்."

அந்தக் கிழமையே வேறொரு குட்டி வாங்கிக் கொடுத்தோம். அவரும் வாங்கிக்கொண்டார், பிறகு கோபம் வைத்ததாகத் தெரியவில்லை. அவர் சொன்ன சொல் மட்டும் என் காதிலேயே கிடந்தது.

அதற்கு அடுத்த மாரியில் செவலை என் கணவரின் உயிரைக் காப்பாற்றியது. எங்கள் வயல் கிடக்கிற வட்டை காட்டோரமாக இருக்கிறது. வரம்பில் புல் வெட்டிக்கொண்டு நின்றவர் மேல் புதருக்குள்ளிருந்து ஒற்றைப் பன்றி ஒன்று பாய்ந்திருக்கிறது. தொடையில் கொம்பு ஏறி, இவர் சேற்றுக்குள் மல்லாந்து விழுந்திருக்கிறார். பன்றி இரண்டாம் முறை முகத்துக்கு வந்தபோது செவலை அதன் காதைக் கவ்வித் தொங்கியதாம். உதறி உதறிப் பார்த்தும் விடவில்லையாம். கடைசியில் பன்றி அதன் வயிற்றைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறது.

இவர் தன் தொடையிலிருந்து இரத்தம் ஓட ஓட, சட்டையால் அதன் வயிற்றைச் சுற்றிக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். குடல் வெளியே தெரிந்தது. மிருக வைத்தியர் அக்கரையில். அன்று காற்று, பாதை ஓடவில்லை. சாக்குத் தைக்கிற ஊசியைக் கொதிநீரில் போட்டெடுத்தேன். ஆஸ்பத்திரியில் எத்தனையோ தையல் பார்த்த கண், ஆனால் அதுவரை தைத்ததில்லை. குடலைக் கழுவி உள்ளே தள்ளி, பன்னிரண்டு தையல் போட்டேன். இவர் அதன் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டு "பொறுடி, பொறுடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வலி தாங்காமல் அது இவருடைய மணிக்கட்டைக் கடித்தது. பல் எலும்பு வரை போயிருக்கும். கையை இழுக்கவில்லை.

பிழைத்துக்கொண்டது. அதன் பிறகு எங்கள் வீட்டில் மீன் சமைத்தால் முதல் துண்டு செவலைக்கு. அவர் அதற்குப் போட்டுவிட்டுத்தான் தன் சோற்றுக் கோப்பையைத் தொடுவார்.

அப்படிப்பட்டவர் செய்த காரியத்தைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

அந்த வருடம் பன்றிகள் வட்டையில் பாதியை உழுது எறிந்துவிட்டன. மறு வருடம் கதிர் பால் பிடிக்கிற நேரம் வந்ததும் இவர் மெலியத் தொடங்கினார். சோற்றைப் பிசைந்தபடியே யோசிப்பார். ஒருநாள் பின்னேரம் நாய்கள் இரண்டையும் மாமரத்தில் கட்டினார். கறுவலுக்குச் சங்கிலி, செவலைக்குக் கயிறு.

"நாளைக்கு நான் வந்து அவிழ்க்கும் மட்டும் அவிழ்க்காத புள்ள."

"ஏன்?"

"வட்டைக்கு மருந்தடிச்சிரிக்கி. நக்கிப்போட்டுச் செத்துப்போகும்."

நம்பினேன். நம்பாமல் இருக்க என்ன காரணம்?

மறுநாள் எனக்கு ஓய்வு நாள். இவர் விடிந்ததும் வட்டைக்குப் போய்விட்டார். நாய்கள் ஓயாமல் ஊளையிட்டன. கட்டிப் பழகாத நாய்கள். எட்டு மணியாகும்போது செவலையின் கழுத்து கயிறு அறுத்து இரத்தமாக இருந்தது. ஒன்றுக்குப் போகத்தான் துடிக்கிறது, விட்டுவிட்டுத் திரும்பக் கட்டலாம் என்று நினைத்தேன். அதை மட்டும் அவிழ்த்தேன். வேலியோரம் போய் இருந்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது. கூப்பிட்டேன். வாலை ஆட்டியது. மறு நிமிடம் கடப்பைத் தாண்டி வட்டைப் பக்கம் ஓடிவிட்டது.

நான் குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் அது புதிதல்ல, யானை வந்தால் வெடி போடுவார்கள். இது வேறு மாதிரி, பானைக்குள் வெடித்ததுபோல அடைபட்ட சத்தம். நான் துருவுவதை நிறுத்தவில்லை.

கறுவல் சங்கிலியை இழுத்துக்கொண்டு கத்தியபோதுதான் வெளியே வந்தேன். செவலை கடப்படியில் நின்றது. நடந்தே வந்திருக்கிறது. வாலை ஆட்டியது. வாலைத்தான் முதலில் பார்த்தேன், பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். கீழ்த்தாடை இல்லை. நாக்கு ஒரு துண்டாகத் தொங்கியது. மேல்வாயில் பற்கள் நின்ற இடத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஒரு கண் மூடிக் கிடந்தது. நெஞ்சு மயிரெல்லாம் கருகிய மணம், அதோடு கருவாட்டு மணம்.

பன்றிவெடி. வெடிமருந்தையும் சின்னக் கல்லையும் உருண்டையாகக் கட்டி, கருவாடு பூசி, பன்றி வருகிற வழியில் வைப்பார்கள். கடித்ததும் வாய்க்குள் வெடிக்கும். அதைக் கையில் வைத்துக் கட்டும்போது வெடித்து விரல் போனவர்களை ஆஸ்பத்திரியில் நான் பிடித்திருக்கிறேன். அதனால் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அது நேரே தண்ணீர் பேசினுக்குப் போனது. குடிக்கக் குனிந்தது. குடிக்க வாய் இல்லை. தண்ணீரை மூக்கால் தொட்டுவிட்டு என்னைப் பார்த்தது. மறுபடி குனிந்தது. பேசின் சிவந்தது. நான் துவாயை எடுத்துக்கொண்டு ஓடி அதன் தலையைக் கட்டிப்பிடித்தேன். கடவுளே, அப்போதும் வாலை ஆட்டியது.

இவர் ஓடி வந்தார். இடுப்பு வரை சேறு. கடப்படியோடு நின்றுவிட்டார், உள்ளே வரவில்லை.

"ஆரு வெச்சது?" என்று கத்தினேன். "ஆரு வெச்ச வெடி இது?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வளவைப் பார்த்தார்.

"அவன்தான். வேற ஆரு."

"முடிச்சு விடுங்க இதை," என்றேன். "இனி உசிரோட வைக்கக் கூடாது. முடிச்சு விடுங்க."

உரல் பக்கத்தில் சாத்தியிருந்த உலக்கையை எடுத்து வந்தார். நான் செவலையின் உடம்பை அணைத்துப் பிடித்திருந்தேன். முதல் அடி தலையில் விழவில்லை, தோளில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது. வாயில்லாத தொண்டையிலிருந்து செவலை அழுத அழுகையை எப்படிச் சொல்வது? நிமிர்ந்து பார்த்தேன். இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அடுத்த அடிக்கு ஓங்கிக்கொண்டிருந்தார்.

"கண்ணைத் துறந்து அடிங்க!"

திறந்தார். அடித்தார். முடிந்தது.

நான் எழும்பினேன். சட்டை முழுக்க அதன் இரத்தம். குசினி வாசலில் அடுக்கியிருந்த விறகில் ஒரு கட்டையை எடுத்தேன். கறுவலின் சங்கிலியை அவிழ்த்தேன். இவர் "இஞ்சேரு, எங்க போறாய்? நில்லு புள்ள, நில்லு" என்று பின்னால் கூப்பிட்டது கேட்டது. கூப்பிட்டாரே ஒழிய வரவில்லை.

அண்ணன் முற்றத்தில் குந்தியிருந்து பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் "என்ன தங்கச்சி, என்ன இரத்தம்?" என்று எழும்பப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நெற்றிக்கு மேலே அடித்தேன். தோல் பிளந்து கண்ணை மறைத்துக்கொண்டு இரத்தம் வந்தது. கறுவல் அவர் கெண்டைக்காலைக் கவ்வியது.

"நான் இல்ல தங்கச்சி. நான் இல்ல!"

எதை இல்லை என்கிறார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு இல்லை. நான்தான் ஒன்றுமே சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது, அப்படியென்றால் இவன்தான், என்று மட்டும் மனதில் ஓடியது. இரண்டாவது அடியைக் கையால் தடுத்தார். சுண்டுவிரல் முறிந்தது. அவர் மனைவி, நான் மச்சி என்று கூப்பிடுகிறவள், கிணற்றடியிலிருந்து கத்திக்கொண்டு வந்து என் தலைமயிரைப் பிடித்து இழுத்து விழுத்தினாள். அவர் நல்ல உயரமான, வயலில் மண் வெட்டிய மனிதர். ஒரு கையால் என் கழுத்தை நெரித்திருக்கலாம். தொடவே இல்லை. "விடு, அவள விடு. நாயைப் பிடி" என்று மனைவியிடம் சொன்னார்.

அடுத்த நாள் நான் வேலைக்குப் போனேன். காயம் கட்டும் அறைக்குள் தாதி மிஸ் என்னைக் கூப்பிட்டு, ஒரு நோயாளியின் கையைப் பிடிக்கச் சொன்னார். அவர்தான். தலையில் ஆறு தையல், விரலுக்கு மட்டை வைத்துக் கட்ட வேண்டும். பிடித்தேன். மிஸ் கேட்டார், "எப்பிடி ஐயா இது?"

"மாடு இடிச்சது மிஸ். கால்ல நாயும் கடிச்சுப்போட்டுது."

என்னைப் பார்க்கவில்லை. மட்டை கட்டி முடியும் வரை அவர் கையை அசையவிடாமல் பிடித்திருந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "பொலிசுக்குப் போகல்ல, ஆரிட்டயும் சொல்லல்ல. வெடி வெச்ச குற்றம் வெளிய வந்திரும் எண்டுதான்." இவர் "ம்" என்றார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார்.

ஒரு கிழமை போயிருக்கும். இவர் தினமும் விடிய முன்னமே வட்டைக்குப் போய், வரம்பு வரம்பாகக் குனிந்து குனிந்து நடப்பதாக ஊரில் சொன்னார்கள். செவலை போன துக்கம் என்று நினைத்தேன். எனக்கு அவரில் இரக்கம்கூட வந்தது. ஓய்வு நாளில் சோறு கட்டிக்கொண்டு நானே வட்டைக்குப் போனேன். கறுவலும் பின்னால் வந்தது.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் ஒரு தாழம்புதர். கறுவல் அதற்குள் மூக்கை விட்டு முகர்ந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அங்கே ஒன்றும் தெரியவில்லை. இவர் வாய்க்காலுக்கு அங்கால் நின்றார். நாயைக் கண்டதும் அவர் போட்ட சத்தம் என் வாழ்நாளில் கேட்காதது.

"கறுவல்! வாய் வெக்காதடா! எடுக்காதடா அதை!"

தண்ணீருக்குள் விழுந்தெழும்பி ஓடி வந்தார். தாழை முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே விழுந்து எதையோ பறித்தெடுத்தார். எலுமிச்சங்காய் அளவு உருண்டை. கருவாடு பூசி, நூலால் சுற்றியது.

ஒரு விநாடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அங்கே அது கிடக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? இத்தனை நாளும் அவர் குனிந்து தேடியது எதை?

யோசிக்க நேரம் இருக்கவில்லை. கறுவலுக்குக் கருவாடென்றால் உயிர். அது பாய்ந்து பாய்ந்து அவர் கையை எட்டப் பார்த்தது. எறிந்தால் நாய் ஓடிப் போய்க் கவ்வும். கீழே வைக்கவும் முடியாது. இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் சோற்றுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு நாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்து இழுத்தேன். திமிறியது. இறுக்கினேன். திரும்பி என் முழங்கைக்குக் கீழே கடித்தது. பல் என் கையில் பதிந்தபடியே அதை வரம்பால் இழுத்துக்கொண்டு போனேன். சதை கிழிவது தெரிந்தது, விடவில்லை. வயல் காவல் குடிசைக்குள் தள்ளித் தட்டியை அடைத்தேன்.

இவர் அந்த உருண்டையை வாய்க்கால் சேற்றுக்குள் ஆழப் புதைத்து, கல்லேற்றி வைத்துவிட்டு வரம்பில் உட்கார்ந்தார். உதடு வெளுத்திருந்தது.

"எத்தினை வெச்சீங்க?"

"மூண்டு. ஒண்டு அண்டைக்கு... மற்றதை அண்டைக்குக் காலையிலேயே எடுத்துட்டன். இது வெச்ச இடத்தில இல்ல. நரி கிரி இழுத்திரிக்கும். ஒரு கிழமையாத் தேடுறன்."

"அந்த மனிசன்ட தலையை நான் உடைச்சன்."

"ஓம்."

"விரலை முறிச்சன்."

"ஓம் புள்ள."

"நீங்க பாத்துக்கொண்டு நிண்டீங்க."

அவரை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கை தூக்க முடியவில்லை, விரல்நுனி வரை இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "வாங்க, அவங்கட வீட்ட போவம்" என்றேன். "எனக்கு ஏலா" என்றார். நான் மட்டும் போனேன்.

மச்சி கடப்பில் மறித்தாள். "இன்னும் என்னத்தை உடைக்க வந்த?"

"வெடி வெச்சது இவர்தான் மச்சி. உங்கட ஆள் இல்ல. இப்பதான் கண்டன்."

அவள் என் கன்னத்தில் அறைந்தாள். காது அடைத்தது. மற்றக் கன்னத்திலும் அறைந்தாள். நின்றுகொண்டேன். அண்ணன் உள்ளேயிருந்து வந்து அவளுடைய கையைப் பிடித்தார். தலைக்கட்டு அழுக்காகியிருந்தது.

"எனக்குத் தெரியும் தங்கச்சி," என்றார். "முதல் நாள் பின்னேரம் அவன் வெக்கிறதை நான் கண்டனான். உன்ட சட்டையில இரத்தத்தைக் கண்டதும் விளங்கிற்று."

"மறுகா ஏன் சொல்லல்ல?"

"அண்டைக்கு நீ நிண்ட நிலை அப்பிடி. சொல்லியிருந்தா அதே கட்டையோட கிறுகிப் போயிருப்பாய். அவன் செத்திருப்பான்." மச்சியைத் திரும்பிப் பார்த்தார். "முந்தி நானும் வெச்சனான். என்ட பசுக்கண்டு கடிச்சுச் செத்தது. இவளுக்கு இண்டு வரைக்கும் பாம்பு கடிச்சது எண்டுதான் சொல்லியிருந்தன்."

மச்சி அவர் கையை உதறிவிட்டு உள்ளே போனாள். கதவு அடிபட்ட சத்தத்தில் வீட்டுக் கூரையில் இருந்த காகங்கள் எழும்பின.

என் கையைத் தைக்கவில்லை, நாய்க்கடி தைக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்கள். ஊசி போட்டார்கள். கடித்தது யாருடைய நாய் என்று மிஸ் கேட்டபோது எங்களுடையது என்றேன். மகளுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை வந்தாள். "அந்தப் பன்றி உங்களைக் கொல்ல வந்த நேரம் அது தன்ட வயித்தைக் குடுத்தது அப்பா" என்று இவரைப் பார்த்துச் சொன்னாள். செவலையைப் புதைத்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். அன்றைக்கே போய்விட்டாள். அந்தச் சித்திரை வருடப் பிறப்புக்கு வரவில்லை.

நான் இவரோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. சமைத்து மூடி வைப்பேன். அவர் மீனில் முதல் துண்டை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிடுவார். கறுவல் அதைத் தின்னாது. அவர் கையால் போட்ட எதையும் அது வெகுநாள் தின்னவில்லை. உலக்கை ஓங்கியதை அது மாமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததே. செவலையை அவிழ்த்து விட்டவள் நான் என்பதையும் நான் மறக்கவில்லை. அவரைத் திட்ட வாய் எடுக்கும் போதெல்லாம் அந்தக் கயிற்று முடிச்சு என் விரலில் வந்து நிற்கும். அப்படித்தான் மெல்ல மெல்லக் கதைக்கத் தொடங்கினோம். அவர் அண்ணனிடம் போய் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் இரண்டு பேரும் ஒரே உழவு இயந்திரத்தில் வந்து இறங்கினார்கள். மச்சி மட்டும் என் முகம் பார்க்கவில்லை. கிணற்றடியில் நான் நின்றால் வாளியோடு திரும்பிப் போய்விடுவாள்.

கறுவல் அதன் பிறகு நான்கு வருடம் இருந்தது. அதன் முடிவும் நல்ல முடிவல்ல.

பின்னேரம் நான் பாதையில் வந்துகொண்டிருந்தேன். இவரும் கறுவலும் துறையில் நின்றார்கள். நடு ஆறு தாண்டியதும் கறுவல் வழக்கம்போலத் தண்ணீருக்குள் நெஞ்சளவு இறங்கிக் குரைத்தது. குரைப்பு பாதியில் அறுந்தது. தண்ணீர் ஒருமுறை புரண்டது. பாதையில் நின்ற எல்லோரும் "முதலை!" என்று கத்தினார்கள். இவர் துறையில் கிடந்த, தோணி வலிக்கிற சவளைத் தூக்கிக்கொண்டு பாய்ந்துவிட்டார். கழுத்தளவு தண்ணீரில் நின்று அடித்தார், அடித்தார், சவள் முறிந்தது. முறிந்த துண்டால் குத்தினார். ஒரு தரம் அவரும் உள்ளே போனார். நான் பலகையில் விழுந்து கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. மேலே வந்தபோது கறுவலின் பின்னங்கால்கள் அவர் கையில் இருந்தன. முதலையின் வாயிலிருந்து இழுத்தெடுத்துக்கொண்டு வந்தார்.

பாதை கரை தட்டியதும் ஓடினேன். கறுவலின் முதுகு திறந்து கிடந்தது. தைக்க ஒன்றும் மிச்சம் இல்லை. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கரையில் இருந்தார். அது அவர் கையை ஒருமுறை நக்கியது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. அப்போதுதான் அவர் அழுதார், ஊரே கேட்கிற மாதிரி. ஒரு நாய்க்கான அழுகை அல்ல அது.

கூடியிருந்தவர்களில் ஒரு ஆள் சொன்னார், "அழுது என்ன செய்ய? ஒரு கோழிக்குள்ள வெடியை வெச்சுத் துறையில போட்டா முதலைட கதை முடிஞ்சிது."

இவர் எழும்பியதை நான் காணவில்லை. காணும்போது அந்த ஆளின் கழுத்து இவர் பிடிக்குள் இருந்தது. ஆற்றுக்குள் தள்ளி, தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினார். "வெடியா? வெடியா?" என்று கேட்டபடியே அமுக்கினார். அண்ணனும் பாதைக்காரர்களும் சேர்ந்து இழுத்திராவிட்டால் அன்றைக்கு ஒரு கொலை விழுந்திருக்கும். அந்த ஆள் இருமி இருமித் தண்ணீர் கக்கினார். இவர் கரையில் முழந்தாளில் நின்று மூச்சு வாங்கினார்.

கறுவலைச் செவலைக்குப் பக்கத்தில் புதைத்தோம். மகள் வேலை கிடைத்து அப்போது ஊரோடு வந்திருந்தாள். அப்பாவிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக் குழியின் பாதியை அவள் வெட்டினாள்.

மறுநாள் ஊர்க்காரர் சேர்ந்து துறையைச் சுற்றித் தண்ணீருக்குள் கம்பு நட்டு வேலி அடித்தார்கள். பிள்ளைகள் இறங்குகிற இடம், இனியும் சும்மா விட முடியாது. ஆண்கள் தண்ணீருக்குள் நின்று கம்பை இறக்கினார்கள், பெண்கள் கரையிலிருந்து கம்பு எடுத்துக் கொடுத்தோம். வரிசையில் எனக்குப் பக்கத்தில் மச்சி வந்து நின்றாள். தெரிந்துதான் நின்றாளா, இடம் அங்கேதான் இருந்ததா, தெரியாது. நான் அவளைப் பார்க்காமல் வேலையைப் பார்த்தேன். ஒரு நீளமான கம்பு என் பிடியில் வழுக்கிச் சரிந்தது. அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"இறுக்கிப் பிடிகா. கீழ நிக்கிற ஆம்பிளையள்ட தலையில விழப் போகுது."

பிடித்தேன். இரண்டு பேரும் தூக்கிக் கொடுத்தோம்.